உலர்ந்த மண் சொல்லாத கணக்கு

மண் பரிசோதனைக்கு மண் எடுப்பது எப்படி என்று கேட்டால் நம் விவசாயிகள் பலர் மூச்சுவிடாமல் சொல்வார்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் இவற்றை விட்டுவிட வேண்டும். வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடங்களில் மண்வெட்டியால் ‘வி’ வடிவில் குழி போட வேண்டும். நெல் வயலென்றால் 15 சென்டிமீட்டர் ஆழம். குழியின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி வாளியில் சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மறுபடி கலந்து மறுபடி பிரித்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு தேக்கரண்டி மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன, மீட்டர் கணக்கில் பூஞ்சை இழைகள் இருக்கின்றன. மண்துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றின் வீடு. உலர்த்தும்போது அந்த நீர் போகிறது. ஒரு பகுதி செத்துவிடுகிறது, மற்றவை உறங்கிப்போகின்றன. இது தவறுதலாக நடப்பதில்லை, வேண்டுமென்றேதான் செய்கிறார்கள். ஈரமண்ணை அப்படியே பையில் கட்டி வைத்தால் நுண்ணுயிர்கள் உள்ளேயே வேலையைத் தொடரும். வயலில் எடுத்தபோது இருந்த தழைச்சத்து (நைட்ரஜன்) வேறு, ஒரு வாரம் கழித்து மேசைக்கு வரும்போது இருக்கும் தழைச்சத்து வேறு என்றாகிவிடும். அளவு மாறாமல் இருக்க வேண்டுமென்றால், அதை மாற்றிக்கொண்டிருப்பவற்றை நிறுத்தியாக வேண்டும்.

வயலில் பயிர் வளர்வதோ அந்த மாற்றத்தை நம்பித்தான். மண்ணைப் பற்றி நாம் அளக்கிற எண்களுக்கும் பயிர் உண்மையில் சாப்பிடுகிற சத்துக்கும் இடையே இருக்கும் தூரம் இங்கேதான் தொடங்குகிறது.

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில், மண் பரிசோதனை முடிவை விவசாயிக்கு எழுதிக் கொடுக்கும் மண் வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. அட்டையில் 12 அளவுகள் வரும்: கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அங்ககக் கரிமம் (மட்கிய பொருளில் இருக்கும் கார்பன்), தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பன்னிரண்டில் ஒன்றுகூட மண்ணின் உயிரை நேராக அளப்பதில்லை. அங்ககக் கரிமம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதுவும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு சாப்பாடு கிடக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, யார் சாப்பிடுகிறார்கள், எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. தமிழ்நாடு அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற பெயரில் ஒரு திட்டமே அறிவித்தது. பெயரில் மண்ணுயிர் வந்துவிட்டது. அட்டையில் அதற்கு இன்னும் ஒரு வரி இல்லை.

அட்டை பொய் சொல்கிறது என்று சொல்ல வரவில்லை. அட்டையைப் பார்த்துப் பொட்டாஷைக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்தவர்களும் உண்டு, துத்தநாகக் குறையைக் கண்டுபிடித்துப் பயிரைக் காப்பாற்றியவர்களும் உண்டு. அது குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்கிறது. தினமும் எத்தனை படி வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

முதலில் அளவின் சிறுமையைப் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும் மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ, அதாவது 900 டன். அதிலிருந்து அரைக் கிலோ ஆய்வகம் போகிறது. தழைச்சத்து பார்க்க அதில் 20 கிராம். கரிமம் பார்க்க ஒரே ஒரு கிராம். மண் வள அட்டைத் திட்டத்தின் முதல் சுற்றில் பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் எடுத்தார்கள். இரண்டரை எக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். நம் டெல்டாவில் ஆறு ஏக்கருக்குள் நான்கு பேருடைய நிலம் இருக்கும். ஒருவர் ஆட்டுக்கிடை போட்டிருப்பார், ஒருவர் வருஷம் தவறாமல் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிரை வளர்த்து மடக்கி உழுதிருப்பார், ஒருவர் எதுவும் செய்திருக்க மாட்டார். எண் சரியாக வந்தாலும் அது யாருடைய வயலின் எண் என்ற கேள்வி இருக்கிறது.

சரி, அட்டையில் ‘கிடைக்கக்கூடிய தழைச்சத்து’ என்று போட்டிருக்கிறதே, அது எப்படி வருகிறது? இந்தியாவில் பெரும்பாலான ஆய்வகங்களில் 1956இல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட முறைதான் இன்றும் நடக்கிறது. உலர்ந்த மண்ணை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடும் காரத்தோடும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். கரிமப்பொருளில் எளிதாக உடையக்கூடிய பகுதி உடைந்து அம்மோனியாவாக வெளியேறும். அதைப் பிடித்து அளப்பார்கள். நுண்ணுயிர்கள் ஒரு போகம் முழுக்க மெதுவாகச் செய்யும் வேலையை ஒரு ரசாயனத்தைக் கொண்டு சில நிமிடங்களில் செய்துகாட்டும் முயற்சி என்று இதைச் சொல்லலாம். மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட்டாக இருக்கும் தழைச்சத்து இதில் சிக்குவதில்லை. தமிழ்நாட்டில் எக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே வந்தால் குறைவு, 450 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம்.

இந்த 280ஐப் பார்த்துக் குழம்பாத விவசாயியை நான் பார்த்ததில்லை. எக்டேருக்கு 5 டன் நெல் விளையும் பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தே 75 முதல் 100 கிலோதான். மண்ணில் 200 கிலோ ‘கிடைக்கக்கூடியது’ இருக்கிறதென்றால் யூரியா எதற்கு? நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், அந்த 200 கிலோ பயிருக்குப் பரிமாறப்பட்ட சோறு இல்லை. பெர்மாங்கனேட்டால் உடைக்க முடிந்த அளவு, அவ்வளவுதான். மண்ணில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதம் என்றால் மொத்தத் தழைச்சத்து சுமார் 0.05 சதவீதம் இருக்கும். எக்டேருக்குக் கணக்குப் போட்டால் 1,100 கிலோ வரும். அதில் ஆண்டுக்கு 100க்கு 2 முதல் 4 பங்குதான் நுண்ணுயிர்களின் கைவழியாகப் பயிர் எடுக்கும் வடிவத்துக்கு வருகிறது. அதாவது 22 முதல் 45 கிலோ. ஆயிரம் கிலோ குதிரில் இருந்தும் தினப்படி அளந்து போடுவது நுண்ணுயிர்தான். ஈரம், வெப்பம், காற்று, புதிதாக விழுந்த தீனி இவற்றைப் பார்த்துத்தான் அது அளக்கும்.

மணிச்சத்துக்கு இரண்டு முறைகள் உண்டு. நடுநிலை மண்ணுக்கும் கார மண்ணுக்கும் ஓல்சன் 1954இல் வகுத்த சோடியம் பைகார்பனேட் முறை. நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு பிரேயும் குர்ட்ஸும் 1945இல் வகுத்த முறை. மண்ணுக்குப் பொருந்தாத முறையில் பார்த்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு நான்கையும் 1978இல் லிண்ட்சேயும் நோர்வெல்லும் வெளியிட்ட, உலோகச் சத்துகளைப் பற்றியெடுக்கும் டிடிபிஏ கரைசல் முறையில் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். ஒரு கரைசல் மண்ணிலிருந்து எவ்வளவு பிடுங்குகிறது என்று பார்த்து, அந்த எண்ணை வயல் சோதனைகளில் கிடைத்த விளைச்சலோடு பொருத்தி, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். கோடு எந்த ஊர் மண்ணில் கிழிக்கப்பட்டது என்பதில்தான் அதன் நம்பகம் இருக்கிறது.

நுண்ணுயிர் அளந்து போடுவதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சம்பா அறுவடை முடிந்த வயலுக்குப் போகலாம். இயந்திரம் அறுத்துவிட்டுப் போன தாளையும் வைக்கோலையும் அப்படியே மடக்கி உழுது, உடனே அடுத்த பயிரைப் போட்டால், இரண்டாவது வாரத்திலேயே பயிர் மஞ்சளாக நிற்கும். யூரியா அடியுரம் போட்டும் நிற்கும். வைக்கோலில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் 60, 70 பங்கு. பாக்டீரியாவின் உடம்பிலோ ஒரு பங்குத் தழைச்சத்துக்குக் கரிமம் ஏழெட்டுப் பங்குதான். வைக்கோலைத் தின்று உடம்பை வளர்க்க அதற்குத் தழைச்சத்து போதாது. அக்கம்பக்கத்து மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிருக்கும் நுண்ணுயிருக்கும் போட்டி வந்தால், வேரைவிட முந்திக்கொள்வது நுண்ணுயிர்தான். அதே வயலில் 45 நாள் வளர்ந்த தக்கைப்பூண்டை மடக்கியிருந்தால் கதை தலைகீழ். அதில் கரிமத்தின் பங்கு 20ஐ ஒட்டியிருக்கும். நுண்ணுயிர் தன் தேவை போக மிச்சத்தை வெளியே விடும். இரண்டு வயலுக்கும் அட்டையில் ஒரே எண் இருக்கலாம். பயிரின் நிறம் வேறு.

அப்படியானால் நுண்ணுயிரின் வேலையையே அளந்தால் என்ன? அதற்கு இருப்பதிலேயே பழைய, எளிய வழி மூச்சை அளப்பது. மண்ணில் வாழும் எதுவும் சாப்பிட்டால் கரியமில வாயுவை வெளியே விடும். ஐம்பது கிராம் ஈரமண்ணைக் காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியில் போட்டு, பக்கத்தில் ஒரு சிறு குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை வைத்து மூடிவிட வேண்டும். மண் விடும் மூச்சை அந்தக் காரம் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளோ ஒரு வாரமோ கழித்து, மிச்சமிருக்கும் காரத்தை அமிலம் சேர்த்து அளந்தால் மூச்சு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய வேலை இது. செலவும் குறைவுதான்.

சிக்கல் எண்ணைப் படிப்பதில்தான் இருக்கிறது. வளமான மண்ணும் நிறைய மூச்சு விடும், இப்போதுதான் உழுது கிளறப்பட்ட மண்ணும் நிறைய மூச்சு விடும், உப்பாலோ அமிலத்தாலோ தவித்துக்கொண்டிருக்கும் மண்ணும் தன் அளவுக்கு மீறி மூச்சு விடும். நிதானமாக நடப்பவனும் மூச்சு விடுகிறான், ஓடிக் களைத்தவனும் மூச்சு வாங்குகிறான். அதனால்தான் ஆய்வாளர்கள் மூச்சை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, எத்தனை உயிர் சேர்ந்து அந்த மூச்சை விட்டன என்று வகுத்துப் பார்க்கிறார்கள். ஒரு உயிருக்கு மூச்சு குறைவாகச் செலவானால் அந்த மண் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுண்ணாம்பிலிருந்தே கொஞ்சம் கரியமில வாயு வந்து கணக்கைக் குழப்பும். கோவைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில் வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

மூச்சை அளப்பதில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு கென்யாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அங்கே வேலை பார்த்த பர்ச் என்பவர் 1958இல் எழுதினார்: நன்றாகக் காய்ந்த மண்ணை நனைத்தால், எப்போதும் ஈரமாகவே இருந்த மண்ணைவிட அது பல மடங்கு வேகமாக மூச்சு விடுகிறது, தழைச்சத்தும் ஒரே வீச்சில் வெளிப்படுகிறது. சில நாளில் அடங்கிவிடுகிறது. மறுபடி காயவைத்து நனைத்தால் மறுபடியும் அதே வீச்சு. காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களின் உடம்பும், மண்கட்டிகள் உடைந்து வெளியே வந்த கரிமமும், பிழைத்த நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன. இன்று உலகமெங்கும் இதற்கு பர்ச் விளைவு என்றே பெயர்.

நம் மானாவாரி விவசாயிக்கு இது புதிதாகவா இருக்கும்? கோடை உழவு போட்டு, புழுதியைக் காயவிட்டு, முதல் மழைக்குக் காத்திருந்து விதைப்பவர் அவர். ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று தொடங்கும் 1037ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்கிறது. வள்ளுவர் கரியமில வாயுவை அளந்தார் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது அவருக்கும் நல்லதில்லை, அறிவியலுக்கும் நல்லதில்லை. ஆனால் காய்ந்த மண்ணுக்கும் பயிரின் செழிப்புக்கும் உறவு உண்டு என்பதை யாரோ வயலில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பர்ச் அந்த உறவின் ஒரு பகுதிக்கு எண் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த வீச்சில் வெளிவரும் தழைச்சத்தைப் பிடிக்க வேர் இல்லையென்றால் மழையோடு கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு வீச்சிலும் மண்ணின் கரிமமும் கொஞ்சம் கரைகிறது. எருவே போடாமல் காயவிட்டுக் காயவிட்டு விளைவித்தால் குதிர் ஒரு நாள் காலியாகும்.

இந்த விளைவை வைத்தே அமெரிக்காவில் ஒரு பரிசோதனை பரவியிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் டெம்பிளில் அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ரிக் ஹேனி உருவாக்கியது. உலர்ந்த மண்ணை நனைத்து 24 மணி நேரத்தில் வரும் மூச்சை அளப்பார்கள். தண்ணீரில் கரையும் கரிமத்தையும் தழைச்சத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சத்துகளைப் பிரித்தெடுக்க, வேர்கள் கசியவிடும் சிட்ரிக், மாலிக், ஆக்சாலிக் அமிலங்களைப் போன்ற மெல்லிய கரைசலைப் பயன்படுத்துவார்கள். கடைசியில் மண்ணுக்கு ஒரு மதிப்பெண் வரும். எண்ணம் நல்ல எண்ணம். வேதியியலையும் உயிரையும் ஒரே தாளில் கொண்டுவருகிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துவந்து தஞ்சாவூர்க் களிமண்ணில் ஒட்டினால் தப்பு. குளிர்காலத்தில் உறையும் மண்ணில் 0.5 சதவீதக் கரிமம் என்றால் பரிதாபம். வருஷம் முழுக்க வெயிலில் வெந்து, எரிய வேண்டியதெல்லாம் எரிந்துபோகும் நம் மண்ணில் 0.5ஐக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய வேலை.

மூச்சுக்கு அடுத்தபடி, தலைகளை எண்ணுவது. இங்கேதான் அளவையில் ஒரு வேடிக்கையான, புத்திசாலித்தனமான வழி இருக்கிறது. உயிரோடிருக்கும் நுண்ணுயிரை மண்ணிலிருந்து பிரித்து எடைபோட முடியாது. சரி, எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, உடைந்த உடம்பிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பார்த்தால்? இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் ஜென்கின்சன் செய்தது இதைத்தான். ஈரமண்ணை மூடிய பாத்திரத்தில் 24 மணி நேரம் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்தால் செல்கள் உடைந்துவிடும். 1976இல் அவரும் பவுல்சனும், அப்படிக் கொன்ற மண்ணில் புதுமண் ஒரு சிட்டிகை போட்டுப் பத்து நாள் அடைகாத்து, செத்தவற்றைப் பிழைத்தவை தின்னும்போது கூடுதலாக வரும் மூச்சை அளந்தார்கள். 1987இல் வான்ஸ், புரூக்ஸ், ஜென்கின்சன் மூவரும் அந்தப் பத்து நாள் காத்திருப்பையும் நீக்கிவிட்டார்கள். பொட்டாசியம் சல்பேட் கரைசலில் குலுக்கி, கொன்ற மண்ணிலிருந்து வரும் கரிமத்துக்கும் கொல்லாத மண்ணிலிருந்து வரும் கரிமத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும் என்றார்கள். உடைந்ததெல்லாம் கரைசலில் வந்துவிடாது என்பதால் ஒரு திருத்தக் காரணியால் வகுக்கிறார்கள். இன்று நுண்ணுயிர் உடற்கரிமம் என்று எந்த ஆய்வில் படித்தாலும் பெரும்பாலும் இந்த முறையில் வந்த எண்தான்.

சாதாரணமாக மண்ணின் மொத்தக் கரிமத்தில் 100க்கு 1 முதல் 5 பங்கு நுண்ணுயிர் உடம்பாக இருக்கும். ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் எக்டேருக்குச் சுமார் 450 கிலோ கரிமம். அதோடு சேர்ந்து 55, 60 கிலோ தழைச்சத்தும் அந்த உடம்புகளுக்குள் இருக்கிறது. ஏறத்தாழ 125 கிலோ யூரியாவில் இருக்கும் தழைச்சத்து அது. அது பூட்டிவைத்த சத்தும் இல்லை. பிறந்து, தின்று, செத்து, இன்னொன்றுக்கு இரையாகி, தினமும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும் சத்து. மொத்தக் கரிமம் கூடுவதா குறைவதா என்று தெரிய பல வருஷம் ஆகும். நுண்ணுயிர் உடற்கரிமம் ஓரிரு போகத்திலேயே அசைந்து காட்டிவிடும். அட்டையில் ஒரே ஒரு வரி சேர்க்க இடம் கிடைத்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

உயிர்கள் தங்கள் வேதிவேலைகளுக்குப் பயன்படுத்தும் நொதிகளை அளப்பதும் உண்டு. டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும். நிறமில்லாத டெட்ரசோலியம் உப்பை மண்ணில் சேர்த்து 37 டிகிரியில் ஒரு நாள் வைத்தால், உயிர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறதோ அந்த அளவுக்கு மண் சிவக்கும். அந்தச் சிவப்பை மெத்தனாலில் இறக்கி அளப்பார்கள். கேசிடாவும் கூட்டாளிகளும் 1964இல் பரவலாக்கிய முறை இது. அழகான முறை, ஏமாற்றவும் செய்யும். மண்ணில் தாமிரம் மிகுந்திருந்தால் அந்தச் சிவப்பு நிறத்தையே தாமிரம் தின்றுவிடுகிறது என்று சாந்தரும் புரூக்ஸும் 1991இல் காட்டினார்கள். பூஞ்சை நோய்க்குத் தாமிரம் கலந்த போர்டோ கலவையைத் தெளித்துத் தெளித்துத் தாமிரம் சேர்ந்த தோட்டத்தில் இந்த எண் குறைந்தால், உயிர் குறைந்ததா, நிறம் மட்டும் குறைந்ததா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யூரியாவை உடைக்கும் யூரியேஸ், மணிச்சத்தை விடுவிக்கும் பாஸ்படேஸ் போன்றவற்றின் பிரச்சினை வேறு. அவை செல் செத்த பிறகும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். இன்றைய உயிரோடு நேற்றைய உயிரின் மிச்சத்தையும் சேர்த்தே அளக்கிறோம்.

தட்டில் வளர்த்து எண்ணும் முறையை நம் ஊரில் அதிகம் விளம்பரப்படுத்துகிறார்கள். ஒரு கிராமில் இத்தனை கோடி என்று நுண்ணுயிர் உரப் பாக்கெட்டில் போட்டிருக்கும். மண்ணில் இருப்பவற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் ஆய்வகத் தட்டில் வளரும் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் விடுகிறோம், சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்த கரைசல் அது. அதில் ஒரு மில்லியில் இருக்கும் நுண்ணுயிரும் ஒரு கிராம் மண்ணில் இருக்கும் நுண்ணுயிரும் சம எண்ணிக்கை என்றே வைத்துக்கொள்வோம். மண் 900 டன், கரைசல் 200 லிட்டர். மண்ணில் இருக்கும் 4,500 பேரோடு நாம் ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஆகவே அந்தக் கரைசலால் பயன் வருகிறதென்றால் எண்ணிக்கை கூடியதால் வருவதில்லை, வேறு காரணம் தேட வேண்டும். பயறு வேர்களில் தங்கிக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியா விஷயம் இதிலிருந்து மாறுபட்டது. விதையில் பூசி, வேர் முளைக்கும் அதே இடத்தில் வைக்கிறோம், அந்தப் பயறுக்குப் பொருத்தமான இனம் மண்ணில் இல்லாதபோது அது கண்கூடாக வேலை செய்கிறது. ஆனால் தீனி போடாத மண்ணில் யாரைக் குடியேற்றினாலும் நிலைக்க மாட்டார்கள். எருவும் பசுந்தாளும் வேர்க்கசிவும்தான் தீனி.

இதுவரை சொன்னதெல்லாம் காற்றுள்ள மண்ணுக்கு. நெல் வயலில் தண்ணீர் கட்டியதும் எல்லாம் மாறுகிறது. இதைத் தெளிவாக எழுதிவைத்தவர் இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும. 1972இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரை இன்றும் இந்தத் துறையில் முதல் பாடம். தண்ணீர் நின்ற ஒரு நாளுக்குள் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேறு வழி தேடுகின்றன. முதலில் நைட்ரேட்டைப் பிடிக்கின்றன, தழைச்சத்து வாயுவாகி வானத்துக்குப் போகிறது. பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட், கடைசியில் மீத்தேன் உருவாகிறது. அமில மண்ணும் கார மண்ணும் இரண்டுமே நடுநிலையை நோக்கி நகர்கின்றன. இரும்போடு கட்டுண்டு கிடந்த மணிச்சத்து அவிழ்கிறது. துத்தநாகமோ பிடிபட்டுப்போகிறது. நடவு முடிந்த சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளி விழுவது இதனால்தான். உலர்த்திய மண்ணில் துத்தநாகத்தைப் பார்த்து ‘போதுமானது’ என்று எழுதிய அட்டை, சேற்றுக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைப் பார்த்ததே இல்லை. இன்னொரு பக்கம், 1939இலேயே பி.கே.டே நெல் வயல் தண்ணீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று காட்டிவிட்டார். அந்த வரவும் அட்டைக்கு வெளியே.

ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிட்டது என்று மேடைதோறும் கேட்கிறோம். அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? கோயம்புத்தூரில் 1909இலிருந்து ஒரே நிலத்தில் ஒரே உரமுறையைத் தொடரும் நிரந்தர உரச் சோதனைத் திடல் இருக்கிறது. 1843இல் தொடங்கிய ரோதம்ஸ்டெட் திடலின் வழியில் வந்தது. நீண்டகாலத் திடல்களில் திரும்பத் திரும்பத் தெரிவது இது: தொழுவுரம் பெற்ற நிலத்தில்தான் நுண்ணுயிரும் நொதிகளும் அதிகம். ஆனால் எதுவுமே போடாத நிலத்தைவிட, தழை மணி சாம்பல் மூன்றும் சமன்செய்து போட்ட நிலத்தில் நுண்ணுயிர் கூடுதல். பயிர் நன்றாக வளர்ந்தால் வேரும் தாளும் அதிகம் விழும், அதுவே தீனி. கைஸ்லரும் ஸ்கோவும் 2014இல் உலகின் 64 நீண்டகாலத் திடல்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ரசாயன உரம் பெற்ற மண்ணில் நுண்ணுயிர் உடற்கரிமம் சராசரியாக 15 சதவீதம் அதிகமாகவே இருந்தது. மண் கடும் அமிலமாகிப்போன இடங்களில் மட்டும் குறைந்தது. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் 1972 முதல் நடக்கும் திடலில், வெறும் தழைச்சத்து உரம் மட்டுமே பெற்ற பகுதியில் மண் அமிலமாகி விளைச்சலே இல்லாமல் போனது. மண்ணை வருத்துவது யூரியாவைத் தனியாகக் கொட்டுவதும், கரிமம் எதையும் திருப்பித் தராததும்தான். இயற்கை வேளாண்மையை விரும்புகிறவர்கள் இந்த எண்களைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. தொழுவுரம்தான் முதலிடம் என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன.

குளோரோஃபார்மும் டெட்ரசோலியமும் விவசாயி வீட்டில் கிடையாது. ஆனால் நுண்ணுயிர் எங்கே அதிகம் தின்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழி உண்டு. வெளுத்த பருத்தித் துணியை ஒரே அளவில் நறுக்கி, உழுத வயலில் ஒன்று, எருப்போட்ட பாத்தியில் ஒன்று, கலைக்கப்படாத வேலியோரத்தில் ஒன்று என்று ஒரு சாண் ஆழத்தில் ஒரே நாளில் புதைக்கலாம். மண் ஈரமாகவே இருந்தால் நம் வெப்பத்தில் ஒரு மாதத்தில் எடுத்துப் பார்க்கலாம். சில இடத்தில் சல்லடையாகியிருக்கும், சில இடத்தில் துணி துணியாகவே இருக்கும். இதில் வருவது எண்ணில்லை, வித்தியாசம். ஒரே நாள், ஒரே ஈரம், ஒரே ஆழம் என்றிருந்தால்தான் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு. ஆய்வகத்து எண்ணுக்கும் இதே விதிதான்: இந்த வருஷம் கோடையிலும் அடுத்த வருஷம் அறுவடை முடிந்த கையோடும் எடுத்த மண்ணை ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளந்திருப்போம்.

தழைச்சத்து எவ்வளவு வருகிறது என்று பயிரிடமே கேட்பதற்கு, பச்சை நிறத்தின் படிகளுக்கு எண் போட்ட இலை வண்ண அட்டை இருக்கிறது. நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பத்துச் செடிகளில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே வெளுத்திருந்தால்தான் மேலுரம். மண்ணில் நுண்ணுயிர் தாராளமாக அளந்து போட்டுக்கொண்டிருந்தால் இலை அதைக் காட்டிவிடும், யூரியா ஒரு தவணை மிச்சமாகும்.

இதைவிட நேரான ஒரு அளவை உண்டு. அதற்கு ஆய்வகமே வேண்டாம். வயலின் ஓரத்தில், தனி வரப்புக் கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் ஒதுக்குங்கள். அங்கே மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வழக்கம்போல் போடுங்கள், தழைச்சத்து உரம் மட்டும் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். மேலுரம் போடும்போது தண்ணீர் உள்ளே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடையில் அந்தச் சதுரத்தைத் தனியாக அறுத்து, காயவைத்து, எடைபோடுங்கள். ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து வேண்டும். அந்த 25 சதுர மீட்டரில் ஏழரைக் கிலோ நெல் வந்தால் எக்டேருக்கு 3 டன். அப்படியென்றால் மண்ணும் நுண்ணுயிரும் பாசியும் பாசனத் தண்ணீரும் சேர்ந்து அந்தப் போகத்தில் பயிருக்குக் கொடுத்தது 45 முதல் 60 கிலோ. அட்டையில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் பேனாவால் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் தக்கைப்பூண்டு மடக்கிவிட்டு, அதே இடத்தில் மறுபடி அறுத்து எடைபோடுங்கள்.